கடைசி செட்டில் ஒரு பூஜ்யம்: சிமோனா ஹாலெப்பின் ஆரம்ப ஆண்டுகள்

5-7, 0-6.
3-6, 0-6.
2-6, 6-1, 0-6.
3-6, 0-6.

2012 மே மாதத்திலிருந்து 2014 ஜனவரி வரை, இருபது மாதங்களுக்குள் ருமேனிய வீராங்கனை சிமோனா ஹாலெப் தோற்ற நான்கு ஆட்டங்களின் கணக்கு இது. ஒவ்வொரு செட்டிலும் முதல் எண் அவர் எடுத்த கேம்கள், இரண்டாவது எதிராளி எடுத்தவை. முதலாவது பிரஸ்ஸல்ஸ் இறுதிப்போட்டி. எதிரில் நின்றவர் போலந்தின் அக்னீஸ்கா ரத்வான்ஸ்கா. இரண்டாவது ரோம் அரையிறுதி, செரீனா வில்லியம்ஸ். மூன்றாவது விம்பிள்டன் இரண்டாம் சுற்று, சீனாவின் லி நா. நான்காவது ஆஸ்திரேலிய ஓபன் காலிறுதி, ஸ்லோவாக்கியாவின் டொமினிகா சிபுல்கோவா. ஊரும் எதிராளியும் ஒவ்வொரு முறையும் வேறு. கடைசி செட் மட்டும் நான்கு முறையும் ஒன்றே.

விந்தை என்னவென்றால், இதே இருபது மாதங்களுக்குள்தான் ஹாலெப் தன் வாழ்க்கையின் முதல் ஆறு பட்டங்களை வென்றார். அதுவும் ஐந்தே மாதங்களில். 2013-ஆம் ஆண்டு தொடங்கியபோது உலகத் தரவரிசையில் 50-ஐ ஒட்டிய இடத்தில் இருந்தவர், ஆண்டு முடிந்தபோது 11-ஆம் இடத்தில் இருந்தார். ஒரே ஆட்டக்காரர், ஒரே காலம்: ஒரு பக்கம் கோப்பைகள், மறுபக்கம் கடைசி செட்டில் ஒரு கேம்கூட எடுக்க முடியாத சரிவு. இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்காமல் அவருடைய ஆரம்ப ஆண்டுகளைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் எண்ணம். ஆனால் அந்த ஆண்டுகளைப் பற்றி எழுதியவர்களில் பலர் இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

அந்த மூன்றாவது விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஹாலெப் பதின்பருவத்தில் மார்பக எடையால் முதுகுவலிக்கு ஆளானார். பந்துக்கு விரைந்து திரும்புவதும் தடைப்பட்டது. 2009-இல் மார்பகக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டார். விளையாட்டு வீராங்கனையாக இல்லாவிட்டாலும் இதைச் செய்திருப்பேன் என்று அவரே சொன்னார். பதினேழு பதினெட்டு வயதுப் பெண் தன் உடலைப் பற்றி எடுத்த மருத்துவ முடிவு, அத்துடன் முடிந்திருக்க வேண்டியது. முடியவில்லை. உலகப் பத்திரிகைகள் அதைப் பல ஆண்டுகள் மென்றுகொண்டிருந்தன. 2013-இல் அவர் வெல்லத் தொடங்கியதும் "அறுவை சிகிச்சைதான் காரணம்" என்ற கதை மறுபடியும் கிளம்பியது. அந்தக் கதையை எழுதியவர்கள் நாட்காட்டியை ஒருமுறை புரட்டிப் பார்த்திருக்கலாம். சிகிச்சை 2009-இல். முதல் பட்டம் 2013 ஜூன் மாதத்தில். நடுவே கிடக்கும் நான்கு ஆண்டுகளை அந்தக் கதை எங்கே கொண்டுபோய் வைக்கும்? சிகிச்சை அவருக்கு வலியில்லாமல் ஓடும் வழியைத் திறந்திருக்கும், அதை யாரும் மறுக்கவில்லை. வென்றது ஏன், அதுவும் இவ்வளவு தாமதமாக ஏன் என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை.

ஹாலெப் பிறந்தது 1991 செப்டம்பர் 27 அன்று, கருங்கடல் துறைமுக நகரமான கான்ஸ்டான்சாவில். கம்யூனிஸ்ட் சர்வாதிகாரி சௌசெஸ்குவின் ஆட்சி கவிழ்ந்து இரண்டு ஆண்டுகள்கூட ஆகியிருக்கவில்லை. அரோமானியர் என்ற சிறுபான்மை இனத்தைச் சேர்ந்த குடும்பம். ருமேனியக் கால்பந்தின் பெருமகன் கியோர்கே ஹாஜியும் அதே இனம், அதே மாவட்டம். ஹாலெப்பின் தந்தையும் கீழ்நிலை லீக்கில் கால்பந்து ஆடியவர்தான். பின்னர் பால்பொருள் தொழிலில் இறங்கினார். டென்னிஸ் இந்த வீட்டுக்குள் வந்தது அண்ணன் வழியாக. அவர் மட்டையை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போக, நான்கு வயதுத் தங்கை பின்னாலேயே போனாள். அண்ணன் விட்டுவிட்டார், தங்கை விடவில்லை.

நாட்டுக்கு டென்னிஸ் புதிதல்ல. இலி நஸ்டாசே 1972-இல் அமெரிக்க ஓபனையும் 1973-இல் பிரெஞ்சு ஓபனையும் வென்றவர். ஆடவர் தரவரிசை கணினிமயமான 1973 ஆகஸ்டில் அதன் முதல் பெயர் அவருடையதே. அவரும் இயோன் சிரியாக்கும் சேர்ந்து மூன்று முறை டேவிஸ் கோப்பை இறுதிவரை நாட்டைக் கொண்டுபோனார்கள். மூன்று முறையும் அமெரிக்காவிடம் தோற்றார்கள். பெண்களில் விர்ஜினியா ருசிச் 1978-இல் பாரிஸில், அதாவது பிரெஞ்சு ஓபனில், பட்டம் வென்றார். அதற்குப் பிறகு நெடுங்காலம் ஒற்றையர் கிராண்ட்ஸ்லாம் (ஆண்டின் நான்கு பெரிய போட்டிகள்) பட்டம் என்று சொல்ல எதுவும் இருக்கவில்லை. இந்த ருசிச்தான் பின்னாளில் ஹாலெப்பின் மேலாளர்.

பதினாறு வயதில் ஹாலெப் வீட்டை விட்டுத் தலைநகர் புக்கரெஸ்டுக்குப் பயிற்சிக்காக இடம்பெயர்ந்தார். 2008-இல் பாரிஸில் ஜூனியர் பட்டம். இறுதிப்போட்டியில் எதிரில் நின்றவரும் ருமேனியரே: எலேனா போக்தான். 6-4, 6-7, 6-2. அதே மாதம் ஜூனியர் தரவரிசையில் ஹாலெப் முதலிடம்.

இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். ஜூனியர் கிராண்ட்ஸ்லாம் என்பது எவ்வளவு தூரம் போகும் சீட்டு? 2008-இன் நான்கு ஜூனியர் சாம்பியன்களையும் வரிசையாக நிறுத்திப் பார்க்கலாம். மெல்போர்னில் (ஆஸ்திரேலிய ஓபன்) வென்ற நெதர்லாந்தின் அரான்ட்சா ருஸ், 2011 பாரிஸில் கிம் கிளைஸ்டர்ஸை வீழ்த்தி ஒரு நாள் உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தார். அந்த உயரத்தில் அவர் நிலைக்கவில்லை. விம்பிள்டனில் வென்றவர் பதினான்கே வயதான லாரா ராப்சன். பிரிட்டன் முழுவதும் அவரைத் தோளில் தூக்கியது. 2013-இல் 27-ஆம் இடம்வரை வந்தார், அப்புறம் மணிக்கட்டு போயிற்று, 2022-இல் ஓய்வை அறிவித்தார். நியூயார்க்கில் (அமெரிக்க ஓபன்) வென்ற கோகோ வேண்டவே முதல் பத்துக்குள் வர 2017 ஆனது. பாரிஸில் ஹாலெப்பிடம் மூன்று செட் ஆடித் தோற்ற போக்தான் ஒற்றையரில் முதல் நூறுக்குள் வரவே இல்லை. ஜூனியர் கோப்பை சிறந்தவர்களை அடையாளம் காட்டுகிறது என்பது பாதி உண்மைதான். பதினாறு வயதில் யார் முன்னால் நிற்கிறார்கள் என்று காட்டுகிறது, அவ்வளவே. இருபத்திரண்டு வயதில் யார் நிற்பார்கள் என்பது வேறு கணக்கு.

அந்தக் கணக்கு எழுதப்படும் இடம் யாரும் பார்க்காத போட்டிகள். அன்று மகளிர் தொழில்முறைப் போட்டிகளின் அடிப்படிக்கட்டு, மொத்தப் பரிசுத்தொகையே 10,000 டாலர் கொண்டது. ஒரு வாரப் போட்டியில் கலந்துகொள்ளும் அத்தனை பேரும், இரட்டையர் உட்பட, பங்குபோட வேண்டிய தொகை அது. முதல் சுற்றில் தோற்றவளுக்கு ஊர் திரும்பும் பஸ் கட்டணம் தேறினால் நல்லது. ஹாலெப்பின் தொடக்க வெற்றிகள் புக்கரெஸ்டில் நடந்த இத்தகைய போட்டிகளில்தான்.

2010-இல் முதல் நூறுக்குள் நுழைந்தார். அதே ஆண்டு மொராக்கோவின் ஃபெஸ் நகரில் முதல் இறுதிப்போட்டி. செக் வீராங்கனை இவெட்டா பெனெசோவாவிடம் 4-6, 2-6 என்று தோல்வி. மறு ஆண்டும் ஃபெஸ் இறுதி, இத்தாலியின் ஆல்பெர்டா பிரியாண்டியிடம் 4-6, 3-6. 2012-இல் பிரஸ்ஸல்ஸ், மேலே சொன்ன 5-7, 0-6. மூன்று இறுதி, மூன்று தோல்வி, ஒரு செட்கூட வெல்லவில்லை.

அந்த மூன்று ஆண்டுகளில் அவர் எங்கும் நகரவில்லை என்று தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. யாரிடம் தோற்றார் என்று பார்த்தபோது எண்ணம் மாறியது. முதல் கிராண்ட்ஸ்லாம் பிரதானச் சுற்று 2010 பாரிஸ். முதல் ஆட்டத்திலேயே சமந்தா ஸ்டோசர், அந்த ஆண்டு இறுதிவரை போனவர். அடுத்து நியூயார்க், முதல் ஆட்டம் முன்னாள் முதல்நிலை வீராங்கனை ஜெலினா ஜான்கோவிச், மூன்றாவது செட் 7-5 வரை போய்த் தோல்வி. 2011 விம்பிள்டன் இரண்டாம் சுற்றில் செரீனா. முதல் செட்டை ஹாலெப் 6-3 என்று எடுத்தார். அடுத்த இரண்டும் 2-6, 1-6.

இதில் பாதி, அமைப்பின் விளைவு. கிராண்ட்ஸ்லாமில் 128 பேர் ஆடுகிறார்கள். அவர்களில் 32 பேருக்குப் போட்டித் தரவரிசை தரப்படுகிறது. அந்த 32 பேரும் முதல் இரண்டு சுற்றுகளில் ஒருவரையொருவர் சந்திக்காதபடி அட்டவணை போடப்படுகிறது. உலகத் தரவரிசையில் 30-இல் இருப்பவருக்கு இந்த வேலி கிடைக்கிறது. 50-இல் இருப்பவர் வேலிக்கு வெளியே. முதல் நாளே ஸ்டோசர் வரலாம், செரீனா வரலாம். தோற்றால் புள்ளி சொற்பம், புள்ளி சேராவிட்டால் 50-லிருந்து 30-க்கு ஏற வழி இல்லை, ஏறாவிட்டால் மறுபடியும் முதல் நாளே ஸ்டோசர். பல நல்ல ஆட்டக்காரர்கள் இந்தச் சுழலுக்குள்ளேயே பத்தாண்டுகளைக் கழித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அபூர்வமாக வாய்ப்பு வரும்: 2011 அமெரிக்க ஓபனில் அந்த ஆண்டின் பிரெஞ்சு ஓபன் சாம்பியன் லி நாவை முதல் சுற்றிலேயே 6-2, 7-5 என்று ஹாலெப் வெளியேற்றினார். அன்று வேலிக்கு வெளியே நின்று கல்லெறிந்தவர் அவர்.

மறு பாதி அவருடைய ஆட்டத்துக்குள் இருந்தது. உயரம் 1.68 மீட்டர். ஆறடியைத் தொடுபவர்கள் செர்வீஸில் இலவசமாகப் பறிக்கும் புள்ளிகள் இந்த உயரத்துக்குக் கிடைப்பதில்லை. இரண்டாவது செர்வீஸ் எப்போதும் எதிராளிக்கு விருந்து. தன்னை விட ஒரு சென்டிமீட்டர் குறைவான ஜஸ்டின் ஹெனினை ஹாலெப் முன்மாதிரியாகக் கொண்டதில் வியப்பில்லை. இலவசப் புள்ளி இல்லாதவர் ஒவ்வொரு புள்ளியையும் உழைத்துத்தான் வாங்க வேண்டும்: முன்கூட்டியே பந்தைப் படித்து, கோட்டுக்கு நெருக்கமாக நின்று, பந்து எழும்போதே தட்டையாக அடித்து, இரு கை பேக்ஹேண்டை நேர்க்கோட்டில் திருப்பிவிட்டு. இந்த ஆட்டம் முழுவதும் கால்களிலும் மனத்திலும் நிற்கிறது. மனம் ஒரு கணம் தளர்ந்தால் கால் அரை அடி பிந்தும்; கால் அரை அடி பிந்தினால் தட்டையான பந்து வலையில் விழும். பெரிய செர்வீஸ் உள்ளவர் மனம் தளர்ந்த நிலையிலும் தன் செர்வீஸ் கேம் ஒன்றிரண்டை ஒப்பேற்றிவிடுவார், செட் 2-6 என்று முடியும். ஹாலெப்புக்கு அந்தத் தடுப்புச் சுவர் இல்லை. சரிந்தால் தரைவரை சரிவார். 0-6 என்ற எண்ணின் பிறப்பிடம் இதுவே என்று நினைக்கிறேன்.

2013 மே, ரோம். அப்போது தரவரிசையில் 64-ஆம் இடம். தகுதிச்சுற்று ஆடித்தான் உள்ளே வந்தார். அப்புறம் குஸ்னெட்சோவா, ரத்வான்ஸ்கா, வின்சி, ஜான்கோவிச் என்று வரிசையாக வீழ்த்தினார். பிரஸ்ஸல்ஸில் கடைசி செட்டில் ஒரு கேம்கூடத் தராத ரத்வான்ஸ்காவும், நியூயார்க்கில் 7-5 என்று தப்பித்த ஜான்கோவிச்சும் ஒரே வாரத்தில். அரையிறுதியில் செரீனா 6-3, 6-0 என்று கதையை முடித்தார். ஹாலெப்பின் வாழ்க்கை வரலாற்றை எழுதுகிறவர்கள் எல்லோரும் ரோமைத் திருப்புமுனை என்கிறார்கள். மனத்தின் இறுக்கத்தைத் தளர்த்தி, ரசித்து ஆடத் தொடங்கியதே மாற்றத்துக்குக் காரணம் என்ற பொருளில் ஹாலெப்பும் பேசியிருக்கிறார். அந்த ஆண்டுதான் அட்ரியன் மார்க்குவைப் பயிற்சியாளராகவும் வைத்துக்கொண்டார்.

ஆனாலும் ரோம் திருப்புமுனை என்பதை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. காரணம் எளிது: ரோம் முடிந்த அடுத்த போட்டி பிரெஞ்சு ஓபன், அதில் ஹாலெப் முதல் சுற்றிலேயே கார்லா சுவாரஸ் நவாரோவிடம் தோற்று வெளியேறினார். பெரிய மேடை, பழைய முடிவு. திருப்பம் அதற்குப் பிறகு வந்தது, யாரும் எதிர்பாராத ஒரு சிறிய போட்டியில்.

நியூரம்பெர்க். அந்த ஆண்டுதான் முதன்முதலாக நடந்த போட்டி. மொத்தப் பரிசுத்தொகை 235,000 டாலர், மகளிர் சுற்றின் கீழ்த்தட்டு. விம்பிள்டனுக்கு முந்தைய வாரங்களில் பெரிய பெயர்கள் புல்தரைக்குப் பழகப் போய்விட, இங்கே களிமண்ணில் ஆட வந்தவர்கள் புள்ளி தேவைப்பட்டவர்கள். ஜூன் 15 இறுதியில், காயங்களிலிருந்து மீண்டுகொண்டிருந்த ஜெர்மனியின் ஆண்ட்ரியா பெட்கோவிச்சை அவருடைய சொந்த நாட்டு ரசிகர்கள் முன் 6-3, 6-3 என்று வென்றார். நான்காவது இறுதியில் முதல் பட்டம். மறுநாளே மூட்டையைக் கட்டிக்கொண்டு நெதர்லாந்தின் ஸ்ஹெர்டோகென்போஸ், தரை புல். ஏழு நாள் கழித்து, ஜூன் 22 அன்று, கிர்ஸ்டன் பிளிப்கென்ஸை 6-4, 6-2 என்று வென்று இரண்டாவது கோப்பை. இந்த பிளிப்கென்ஸ் அடுத்து நடந்த விம்பிள்டனில் அரையிறுதிக்குப் போனவர் என்பதையும் சேர்த்துக்கொண்டால் அந்தக் கோப்பையின் எடை தெரியும்.

விம்பிள்டனில் லி நாவிடம் அந்த 0-6. பெரிய மேடை மறுபடியும் பூஜ்யத்தைத் திருப்பித் தந்தது. ஜூலையில் புடாபெஸ்ட், களிமண், மூன்றாவது பட்டம். இறுதியில் ஆஸ்திரியாவின் இவோன் மியூஸ்பர்கரிடம் இரண்டாவது செட்டை டை பிரேக்கரில் (6-6 ஆனபின் செட்டை முடிவுசெய்யும் கேம்) இழந்தார். சரியும் தருணம் அது. மூன்றாவது செட் 6-1, அவர் பக்கம். இந்த ஒரு செட்டை அந்த ஆண்டின் மிக முக்கியமான செட் என்பேன். யாரும் பார்க்காத இடத்தில், தோற்றாலும் உலகம் பேசாத இடத்தில், கடைசி செட்டைப் பிடித்து நிறுத்துவது எப்படி என்று ஒத்திகை பார்த்தார்.

மற்றவை விரைவாக நடந்தன. ஆகஸ்டில் நியூ ஹேவன் கடினத்தரையில் முன்னாள் விம்பிள்டன் சாம்பியன் பெட்ரா குவிட்டோவா, 6-2, 6-2. அமெரிக்க ஓபனில் முதன்முறையாக நான்காவது சுற்று. அக்டோபரில் மாஸ்கோ உள்ளரங்கம், 7-6, 6-2. நவம்பரில் சோஃபியா, 2-6, 6-2, 6-2. கடைசி இரண்டிலும் எதிரில் நின்றவர் சமந்தா ஸ்டோசர்! 2010-இல் பாரிஸில் ஹாலெப்பின் முதல் கிராண்ட்ஸ்லாம் ஆட்டத்தை 7-5, 6-1 என்று முடித்து வைத்த அதே ஸ்டோசர், நடுவே அமெரிக்க ஓபன் பட்டமும் வென்றிருந்தவர். ஒருவர் எவ்வளவு வளர்ந்திருக்கிறார் என்று அளக்க இதைவிட நல்ல கோல் கிடைக்காது.

தன் முதல் ஆறு பட்டங்களையும் ஒரே காலண்டர் ஆண்டில் வென்றவர், 1986-இன் ஸ்டெஃபி கிராஃபுக்குப் பிறகு ஹாலெப்தான். களிமண், புல், வெளியரங்கக் கடினத்தரை, உள்ளரங்கம் என நான்கிலும். 2013-இல் அவரைவிட அதிகப் பட்டங்கள் வென்றவர் செரீனா மட்டுமே. "சின்னச் சின்னப் போட்டிகள்தானே" என்று அப்போது முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். சொன்னது பொய்யில்லை, பாதி கோப்பைகள் கீழ்த்தட்டுப் போட்டிகளில் வந்தவை. ஆனால் சின்னப் போட்டிகளாக இருந்ததாலேயே பயன்பட்டன என்பதை அவர்கள் கவனிக்கவில்லை. அவை தந்த புள்ளிகள் அவரை வேலிக்கு உள்ளே கொண்டுவந்தன. முதல் நாளே ஸ்டோசரைச் சந்திக்கும் காலம் முடிந்தது.

வேலிக்குள் வந்ததும் பூஜ்யம் மறைந்துவிடவில்லை. 2014 ஜனவரியில் மெல்போர்ன் காலிறுதிவரை போய் சிபுல்கோவாவிடம் 3-6, 0-6. அதன் பலனாக முதல் பத்துக்குள் இடம் கிடைத்தது என்பது வேடிக்கை. பயிற்சியாளர் இப்போது கிம் கிளைஸ்டர்ஸுடன் முன்பு பணியாற்றிய பெல்ஜியத்தின் விம் ஃபிசெட். பிப்ரவரியில் தோஹாவில் ரத்வான்ஸ்காவையும் கெர்பரையும் அடுத்தடுத்து வென்று அதுவரையிலான பெரிய கோப்பையை எடுத்தார். மே மாதம் மேட்ரிட் இறுதி; போட்டியின் அன்றைய உரிமையாளர் வேறு யாருமல்ல, இயோன் சிரியாக். ரஷ்யாவின் மரியா ஷரபோவாவுக்கு எதிராக முதல் செட் 6-1. அடுத்த இரண்டும் 2-6, 3-6.

பிறகு பாரிஸ். ஒரு செட்கூட இழக்காமல் இறுதிக்கு வந்தார். வழியில் வீழ்ந்தவர்களில் ரோம் முதல் சுற்றின் குஸ்னெட்சோவாவும் நியூரம்பெர்க் இறுதியின் பெட்கோவிச்சும் உண்டு. 1980-இல் ருசிச் ஆடிய இறுதிக்குப் பிறகு ஒரு ருமேனியப் பெண் கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் இறுதியில் நின்றது அப்போதுதான். ஜூன் 7, எதிரில் மறுபடியும் ஷரபோவா. முதல் செட் 4-6. இரண்டாவது செட் டை பிரேக்கரில் ஷரபோவா 5-3. கோப்பைக்கு இரண்டே புள்ளிகள். ஹாலெப் அடுத்த நான்கு புள்ளிகளையும் எடுத்தார். 2001-க்குப் பிறகு பாரிஸ் மகளிர் இறுதி முதன்முறையாக மூன்றாவது செட்டுக்குப் போயிற்று.

அந்த மூன்றாவது செட்டில் 4-4 வரை நின்றார். ஆட்டம் மூன்று மணி இரண்டு நிமிடம். தோல்வி 4-6, 7-6, 4-6. உலகமே பார்க்கும் மேடையில், கடைசி செட்டில் அவர் பெயருக்கு எதிரே நான்கு கேம்கள்.

அக்டோபரில் சிங்கப்பூர், ஆண்டிறுதிப் போட்டி. குழுச் சுற்றில் செரீனாவை 6-0, 6-2 என்று ஹாலெப் வீழ்த்தினார். 1998-க்குப் பிறகு செரீனா கண்ட மிக மோசமான தோல்வி அது. பூஜ்யம் இந்த முறை வலைக்கு அந்தப் பக்கம் விழுந்திருந்தது. நான்கு நாட்கள் கழித்து, இறுதிப்போட்டியில், அதே அரங்கில், அதே செரீனா: 3-6, 0-6.